அத்தையும் நானும் கப்பலும்

போன இதழில் வடாம் பிழிவது பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "எப்பப் பார்த்தாலும் அடுப்படிதானா? வெளியே எங்கும் போனதே இல்லையா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். போயிருக்கிறேன் சகோதரி! 2019 நவம்பரில், சிங்கப்பூரிலிருந்து சிட்னி வரை 15 நாள் கப்பல் பயணம். கூட வந்தது யார் தெரியுமா? என் மாமியார்.

சிட்னியில் என் கொழுந்தனார் புது வீடு வாங்கிக் கூப்பிட்டிருந்தார். விமானத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் அத்தைக்குக் கால் வீங்கிவிடும். "சிங்கப்பூர் வரைக்கும் விமானம், அப்புறம் கப்பல்" என்று அவரே டிக்கெட் வாங்கிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவுக்கு முதல் வருஷத் திதி கொடுத்து முடித்திருந்த சமயம் அது.

கப்பலா அது! லிப்ட், நீச்சல் குளம், நாடக அரங்கு, எல்லாம் உண்டு. உட்கார்ந்தால் தட்டு வருகிறது. படுக்கையைத் தட்டிப் போட ஆள் வருகிறது. இந்தச் சுகம்தான் அத்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறையைச் சுத்தம் செய்கிற பையன் வருவதற்குள் போர்வையை மடித்து வைத்துவிடுவார். சாப்பிட்டதும் மேஜையிலுள்ள தட்டுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? நாலு மணியானால் காபி பில்டரைத் தேடிக் கை பரபரத்தது.

மறுநாள் பூமத்திய ரேகையைத் தாண்டியதற்காகக் கடல் ராஜா வேஷம் போட்டு ஒரே கூத்து. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், "நாளைக்குப் பாலித் தீவு வருதாமே. என்னை அங்கேயே இறக்கி விட்டுடும்மா, ஊருக்குப் போறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எவ்வளவு செலவழிச்சு ஏற்பாடு பண்ணியிருக்காங்க, இப்படிச் சொல்றீங்களே அத்தை!" என்று படபடத்துவிட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்குச் சர்க்கரை ஊசி, ஒரு மணிக்குச் சாப்பாடுன்னு 46 வருஷம் உங்க மாமாவுக்குப் பண்ணியாச்சு. வீட்லயாவது ஏதோ ஒரு வேலை இருக்கு. இங்கே எத்தனை மணி ஆனா எனக்கென்ன?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 23 வருஷமாக ஒரே சமையலறையில் நிற்கிறோம். குழம்புக்கு அவர் எத்தனை கல் உப்புப் போடுவார் என்று தெரிந்த எனக்கு, இது தெரியாமல் போயிற்றே!

மறுநாள் என்னென்ன நிகழ்ச்சி என்று அச்சிட்ட தாளை ஒவ்வொரு ராத்திரியும் அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதுவரை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். காலையில் மேல்தளத்தில் இருவருமாக நடை. பத்து மணிக்குத் துண்டை மடித்து யானை, குரங்கு செய்யச் சொல்லித் தரும் வகுப்பு. மூன்றிலிருந்து ஐந்து வரை அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரே சின்ன அறையில் 15 நாள் இருந்தால் தாயும் மகளும்கூடச் சண்டை போட்டுக்கொள்வார்கள். தினம் இரண்டு மணி நேரம் பிரிந்திருப்பது அவசியம்.

அந்த நேரத்தில் சில பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நூல் பின்னுவார்கள். அத்தைக்குக் குரோஷா கைவந்த கலை. மூன்றாம் நாளே ஓர் ஆஸ்திரேலியப் பாட்டி அவரிடம் பூ பின்னக் கற்றுக்கொண்டிருந்தார். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்!

பாலி தாண்டி டார்வின் போகும் வழியில், ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு என்னை எழுப்பினார். வெளிச்சம் குறைந்த பக்கமாகப் போய் நின்றோம். தெற்கே திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் சிலுவை மாதிரி பளிச்சென்று தெரிந்தது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். அங்கே தெளிவாகத் தெரிந்தது. "உங்க மாமா மொட்டை மாடியிலே காட்டுவார். எனக்கு ஒருநாளும் சரியாத் தெரிஞ்சதில்லே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் இறங்குகிற பேச்சே இல்லை. கிழக்கே போகப் போகக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்கச் சொல்வார்கள். சிட்னி சேர்வதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. "நம்ம நேரத்தைத் திருடிட்டாங்களே!" என்று அத்தை சிரித்தார்.

கப்பலேற நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, வாந்தி வருவதற்கு முன்பே போடவேண்டும். தலை சுற்றினால் புத்தகத்தை மூடிவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். பெட்டிகள் அறைக்கு வந்து சேர நேரமாகலாம். அதனால் தினசரி மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கு சுலபமாகப் பரவும். இஸ்திரிப் பெட்டியைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது பொடி, ஊறுகாய் இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போதும் எங்கள் வீட்டில் மூன்றிலிருந்து ஐந்து வரை சமையலறைக்குள் யாரும் போவதில்லை. அத்தைக்குக் குரோஷா, எனக்குப் புத்தகம். ஐந்து மணிக்குக் காபி போடுவது என் வீட்டுக்காரர்! கப்பலில் போகாவிட்டால் என்ன? அந்த இரண்டு மணி நேரத்தை இன்றே உங்கள் வீட்டிலும் ஆரம்பித்துப் பாருங்களேன்.