தோட்டத்துப் பூ ஜாடியிலும் சிரிக்கட்டும்!

மொட்டைமாடித் தொட்டியில் வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து பூத்த ரோஜா. விருந்தாளி வருகிறார்களே என்று ஆசையாகப் பறித்து ஹாலில் ஜாடியில் வைத்தால், மறுநாளே தலை தொங்கிவிடுகிறது. 'செடியிலேயே விட்டிருக்கலாமே' என்று மனசு அடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் குறை பூவில் இல்லை. பறித்த நேரமும், ஜாடியில் இருக்கும் தண்ணீரும்தான் காரணம்.

எப்போது பறிக்கலாம்?

வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே பறித்துவிடுங்கள். அப்போதுதான் தண்டில் நீர்ச்சத்து நிறைந்திருக்கும். ரோஜாவை மொட்டு அவிழத் தொடங்கும் பக்குவத்தில் பறிக்கலாம். சாமந்தி, ஜீனியா போன்றவை நன்றாக விரிந்திருக்க வேண்டும். சம்பங்கித் தண்டில் அடியில் இரண்டு, மூன்று பூக்கள் விரிந்திருந்தாலே போதும். மற்றவை ஜாடியில் ஒவ்வொன்றாக விரியும். வாடிய அடிப்பூக்களை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

தோட்டத்துக்குப் போகும்போதே ஒரு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோனால், வெட்டியவுடன் தண்டை அதில் போட்டுவிடலாம்.

எப்படி வெட்டுவது?

கத்தரி கூர்மையாக இருக்கட்டும். கையால் ஒடித்தால் தண்டு நசுங்கி, தண்ணீர் ஏறாது. ஜாடியில் வைப்பதற்கு முன், தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே ஓர் அங்குலம் சாய்வாக நறுக்குங்கள். காற்றுக் குமிழி புகுந்து தண்டை அடைக்காமல் இருக்கும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள். அவைதான் முதலில் அழுகும்.

அடுக்கும் அழகு

முதலில் ஃபெர்ன், குரோட்டன்ஸ் போன்ற இலைகளை வைத்து, பிறகு பூக்களைச் செருகுங்கள். பெரிய பூ நடுவில் சற்றுத் தாழ்வாகவும், சின்னப் பூக்கள் சுற்றிலும் உயரமாகவும் இருக்கலாம். ஜாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குப் பூக்கள் நின்றால் பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும். திணிக்க வேண்டாம், காற்று போக இடம் வேண்டும். காம்பு இல்லாத மல்லி, செம்பருத்திக்கு உருளிதான் சரி. செம்பருத்தி எப்படி வைத்தாலும் ஒரு நாள்தான் தாங்கும்.

ஃபேன் காற்று நேராகப் படும் இடம், ஜன்னல் வெயில், டிவியின் சூடு மூன்றும் ஆகாது. வாழைப்பழத் தாருக்குப் பக்கத்திலும் வேண்டாம். பழுக்கும் பழத்தில் இருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைத்துவிடும்.

தண்ணீர்தான் முக்கியம்

இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு மாற்றுங்கள். அப்போதே தண்டின் நுனியையும் அரை அங்குலம் நறுக்கிவிடுங்கள். பழைய தண்ணீரில் பெருகும் பாக்டீரியா, தண்டின் வாயை அடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பூ ஜாடி, உருளி, மணிபிளான்ட் பாட்டில் என்று வீட்டில் தேங்கும் சுத்தமான தண்ணீரே அதற்குப் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரித்து, சுமார் 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; உட்சுவரை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். மழைக்காலத்தில் இதில் சோம்பல் கூடவே கூடாது.

அரளி உள்ளே வேண்டாம்

வேலியோரத்து அரளி பார்க்க அழகுதான். ஆனால் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். அது நின்ற தண்ணீரும் ஆபத்து. கைக்கு எட்டியதை வாயில் வைக்கும் குழந்தையோ, நாய், பூனையோ இருக்கும் வீட்டில் அரளியை ஜாடியில் வைக்காதீர்கள். பறித்தால் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

நாளை காலை கத்தரியோடு செடிப்பக்கம் போவதற்கு முன், போன வாரத்து ஜாடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போகலாம்.