பி.பி.எம். எண்ணை அப்படியே நம்பாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "பாட்டு, கேம்ஸ் தவிர இதில் வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பதுண்டு. நான் மொட்டை மாடியில் லெட்டூஸ் கீரை வளர்த்தேன். வளர்த்தேன் என்பதை விட, கருக்கினேன் என்பதே சரி.

மண் இல்லாமல், உரம் கரைத்த நீரில் செடி வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். கரைசலில் உரம் குறைந்தால் செடி வெளிறும். கூடினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை ஓரம் கருகும். எனவே மீட்டர் வைத்து அளக்க வேண்டும். இன்டர்நெட்டில் டவுன்லோட் செய்த அட்டவணையில், லெட்டூஸுக்கு 840 பி.பி.எம். என்றிருந்தது. என் மீட்டரும் 840 காட்டும்படி உரம் கலந்தேன். பத்தே நாளில் இலைகள் கருகின. "மண்ணுல போட்டிருந்தா இந்நேரம் கூட்டு வைச்சிருப்பேன்" என்றார் அம்மா.

தவறு எங்கே? மீட்டர் உரத்தை எடை போடுவதில்லை. நீரின் மின்கடத்தும் திறனைத்தான் அளக்கிறது. இதற்கு இ.சி. என்று பெயர். மில்லிசீமென்ஸ் கணக்கில் வரும் அந்த அளவைச் சில மீட்டர்கள் 500 ஆல் பெருக்கி பி.பி.எம். என்று காட்டும், சில 700 ஆல் பெருக்கும். அட்டவணை 700 கணக்கு: 840 என்றால் இ.சி. 1.2. என் மீட்டர் 500 கணக்கு: 840 என்றால் இ.சி. 1.68. அதாவது 40 சதவீதம் அதிகம்! புரோகிராம் எழுதிப் பிழைக்கும் நான், எந்தக் கணக்கு என்று பார்க்காமலே எண்ணை நம்பிவிட்டேன்.

உர பாக்கெட்டிலும் அட்டவணையிலும் இ.சி. அளவைத்தான் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நீங்களே எக்செல்லில் ஒரு ஒர்க்‌ஷீட் போடுங்கள். தேதி, மீட்டர் எண், இ.சி., இலையின் நிலை என நான்கு காலம் போதும். மூன்றாவது காலத்தில், மீட்டர் எண்ணை 500 அல்லது 700 ஆல் வகுக்கும் ஃபார்முலாவை அமையுங்கள். எந்த எண் என்பது மீட்டரின் கையேட்டில் இருக்கும். உரம் கலக்கும் முன் வெறும் தண்ணீரையும் அளந்து எழுதுங்கள். போர் தண்ணீரில் உள்ள உப்பையும் மீட்டர் சேர்த்தே காட்டும். எது உரம், எது உப்பு என்று அதற்குத் தெரியாது.

இ.சி. நாளுக்கு நாள் ஏறினால், செடி உரத்தை விடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது. வெறும் தண்ணீர் சேருங்கள். இறங்கினால் உரம் சேருங்கள்.

இரண்டாவது முறை விதைத்த கீரை நன்றாக வருகிறது. காலையில் அம்மா மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்கிறார். நான் டைப் செய்கிறேன்.