கற்பூரச் சத்தியம் கஞ்சாவை வெல்லுமா?

இன்று நம்மவர் கூடுமிடமெங்கும் ஒரே பேச்சாயிருக்கின்றது. கோயில் வீதியிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் கமக்காரர் சங்கக் கூட்டத்திலும் சட்டத்தரணிகளின் ஓய்வறையிலும், இளைஞர் கஞ்சாவில் அழிகின்றனர் என்ற கவலையே முதலிடம் பெறுகின்றது. கவலை நியாயமானதே. வடமராட்சிக் கரையிலும் மன்னார்க் கடலிலும் ‘கேரளக் கஞ்சா’ மூட்டைகளைக் கடற்படையினர் கைப்பற்றினர் என்ற செய்தி அடிக்கடி வருகின்றது. கைப்பற்றப்படாத மூட்டைகள் எங்கே போகின்றன என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இஃது எமது இளைஞரைக் கெடுக்கும் திட்டமிட்ட சதி என மேடைகளில் முழங்குவோர் உளர். கடலிலே இத்தனை காவலிருக்க, கரையிலே இத்தனை மூட்டைகள் எவ்வாறு இறங்குகின்றன என்ற கேள்வி கேட்கப்பட வேண்டியதே. அதனைப் பாராளுமன்றத்திற் கேட்பது நாம் அனுப்பிய உறுப்பினர்களின் கடமை. ஆனால், அக்கேள்விக்கு மறுமொழி வரும்வரை பதினைந்து வயதுப் பிள்ளை காத்திருக்கப் போவதில்லை.

இப்பேச்சு ஈற்றில் போய் முடியும் இடத்தைப் பற்றியே நான் எழுத விரும்புகின்றேன். “பெடியனுக்கு அடக்கமில்லை” என்று ஒருவர் கூறுவார். மற்றையோர் தலையசைப்பர். அத்துடன் தீர்ப்பு எழுதியாயிற்று. இத்தீர்ப்பு எவ்வளவு சரி?

சென்ற ஆண்டு வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். வெங்காயமும் புகையிலையும் செய்பவர். மூன்று பிள்ளைகளின் தந்தை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு மாதமிருக்கையில் இரண்டாவது மகனின் புத்தகப் பையிலிருந்து கஞ்சாப் பொட்டலம் ஒன்று எடுக்கப்பட்டது. பாடசாலை அவனுக்கு விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து வெளியே அனுப்பியது. தந்தை அவனைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, கற்பூரங் கொளுத்தி, இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினார். பதினோராம் நாள் சத்தியம் முறிந்தது. “அடிச்சும் பாத்தன், அழுதும் பாத்தன், ஐயா. சாமிக்கு முன்னால சொன்ன சொல்லையே காப்பாத்தாதவன், இனி என்னத்தைக் காப்பாத்தப் போறான்?” என்று அவர் கேட்டார்.

அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அதன்பின் வாசித்தவற்றையும் வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றையும் கொண்டே இதனை எழுதுகின்றேன்.

கஞ்சா நமக்குப் புதியதன்று. சித்த வைத்தியத்தில் அதற்குச் சிவமூலி என்றும் ஒரு பெயர் உண்டு; சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்க்க வேண்டுமென்பது வைத்தியர் கொண்ட விதி. பிரித்தானிய இந்திய அரசு 1893இல் ஏழு பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை நியமித்து இதனை ஆராய்ந்தது. அவர்கள் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை சமர்ப்பித்தனர். மட்டாக உபயோகிப்போர்க்குப் பெருங்கேடில்லை, மிதமிஞ்சி உபயோகிப்போர்க்கே கேடு, ஆகையால் முற்றாகத் தடை செய்ய வேண்டியதில்லை. வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது அவர்தம் முடிபு. இன்று கஞ்சாவுக்காக வாதாடுவோர் இவ்வறிக்கையை ஆவலுடன் எடுத்துக்காட்டுவர். அஃது அக்காலத்திற்கு நேர்மையான அறிக்கை என்பதை நானும் ஒப்புகின்றேன். ஆனால், மட்டு என்று ஒன்று இருக்க வேண்டுமானால், மட்டுப்படுத்துவதற்கு ஒருவன் உள்ளே இருக்க வேண்டுமன்றோ? பதினைந்து வயதில் அந்த ஒருவன் இன்னும் முழுதாகப் பிறக்கவில்லை. இது வெறும் பேச்சலங்காரமன்று, உடற்கூற்றுச் செய்தி.

கஞ்சாவிலே மயக்கந் தரும் பொருளான ரி.எச்.சி.யை 1964இல் இஸ்ரவேலில் றபாயேல் மெக்குலாம் என்பாரும் அவர்தம் துணைவரும் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டனர். அது மூளையிலே போய்ப் பொருந்தும் வாங்கிகள் 1988இல் அறியப்பட்டன. செடியின் சாறு பொருந்துவதற்கென்று மனித மூளையிற் பூட்டு அமைந்திருப்பானேன்? உடல் தானே சுரக்கும் ஒரு பொருளுக்காகவே அப்பூட்டு அமைந்தது. அப்பொருளை 1992இல் மெக்குலாமின் ஆய்வுகூடத்தார் கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற நம் சொல்லிலிருந்தே ‘ஆனந்தமைட்’ எனப் பெயரிட்டனர். பசி, நினைவு, நோவு, அச்சம் முதலியவற்றை அளவிலே நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டில் இதற்குப் பங்குண்டு. கஞ்சா புகைப்பவன் அந்த நுண்ணிய பூட்டிலே பெரியதொரு திறப்பைச் செலுத்தித் திருகுகின்றான்.

இவ்வாங்கிகள் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியிலும் உள்ளன. பின்விளைவை எண்ணிப் பார்த்தல், வந்த ஆசையைச் சற்று நிறுத்தி வைத்தல், தொடங்கியதை முடித்தல் ஆகிய தொழில்களுக்கு அப்பகுதியே தலைமை தாங்குவது. அது முதிர்ச்சியடைய இருபத்தைந்து வயதளவும் செல்லும். போதையிலிருக்கும் நேரத்தில் கவனமும் குறுகிய கால நினைவும் மங்கும்; காலம் நீண்டு தோன்றும். நாடோறும் புகைப்பவனிடத்து இம்மங்கல் போதை தெளிந்த பின்னும் சில நாள் தங்கும். அடக்கத்தின் கருவியையே பழுதாக்கும் பொருளை, அடக்கத்தைக் கொண்டே வெல் என்று நாம் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

அங்ஙனமாயின் குற்றம் முழுவதும் கஞ்சாவினுடையதா? அதுவும் அவசரத் தீர்ப்பே. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73 காலப்பகுதியிற் பிறந்த 1,037 பிள்ளைகளை ஆய்வாளர் இன்றளவும் பின்தொடர்ந்து வருகின்றனர். மூன்று வயது முதல் பதினொரு வயது வரை அவர்களின் தன்னடக்கம் அளக்கப்பட்டது. முப்பத்திரண்டாம் வயதிற் பார்த்தபோது, சிறுவயதில் அடக்கங் குன்றியிருந்தோரே உடல்நலத்திலும் பணநிலையிலும் பின்தங்கினர்; போதைக்கு அடிமையானோரும் சட்டத்தின் பிடியில் அகப்பட்டோரும் அவர்களிடையே மிகுதி. அறிவுக்கூர்மையையும் குடும்ப வசதியையும் கழித்துப் பார்த்தபோதும் இத்தொடர்பு நின்றது. 2011இல் வெளியான இவ்வாய்வு கூறிய மற்றொன்றே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. வளரும் காலத்தில் அடக்கங் கூடியவர்கள் முற்கூறியவற்றில் மேலான நிலையிலிருந்தனர். அடக்கம் பிறவிக்குணமாக முடிந்துபோன ஒன்றன்று என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மறு ஆண்டில் அதே நகரத்திலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. வாலிபத்தின் தொடக்கத்திலேயே கஞ்சாவைத் தொட்டு, நெடுங்காலம் விடாது பற்றியோரின் அறிவுக் குணகம் சராசரியாக எட்டுப் புள்ளி இறங்கியதென்றது அது. உலகமெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. ஆயின், 2016இல் அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தவர்கள், புகைத்த பிள்ளைக்கும் புகையாத அதன் இரட்டைக்கும் இவ்விறக்கத்தில் வேறுபாடில்லை என்று கண்டனர். அஃதாவது, கஞ்சாவின் கணக்கில் எழுதியவற்றுட் சில வீட்டின் கணக்கிலும் சூழலின் கணக்கிலும் எழுதப்பட வேண்டியவை. வரம்பு உடைந்த வயலில் வெள்ளம் புகுகின்றது. புகுந்த வெள்ளம் வரம்பை மேலும் அரிக்கின்றது. எது முதல் என்று வயலோரம் நின்று வழக்காடுவோரைக் கமக்காரர் கண்டால் சிரிப்பர்.

பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்லுதல் ஆகாது என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். ‘ஒருமுறை இழுத்தால் ஒழிந்தாய்’ என்று மேடையில் முழங்குகின்றோம். கஞ்சாவைத் தொட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே அடிமையாகின்றனர். பதின்ம வயதில் தொடங்கியோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். அமெரிக்கக் கணக்கெடுப்புகள் தந்த மதிப்பீடு இது. ஆறில் ஒருவர் என்பது அச்சுறுத்தப் போதாதா? ஒருமுறை புகைத்தும் ஒழியாத தோழனைக் காணும் மாணவன், நாம் சொன்ன மற்றைய உண்மைகளையும் பொய்யென்று தள்ளிவிடுகின்றான். அவற்றுள் ஒன்று மிகப் பாரதூரமானது. சுவீடனில் 1969–70இல் படைக்குச் சேர்க்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞரைத் தொடர்ந்து நோக்கியவர்கள், ஐம்பது முறைக்கு மேல் புகைத்திருந்தோர்க்கு மனச்சிதைவு நோய் வரும் வீதம் ஆறு மடங்கெனக் கண்டனர். குடும்பத்திலே இந்நோய் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதனைத் தனியே அழைத்துச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் நாம் அந்நோயையே மூடிமறைப்பவர்கள், சொல்வதெங்ஙனம்?

இனிப் பதினோராம் நாளைப் பற்றி. கஞ்சாவை விட்டால் உடல் வருந்தாது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது பிழை. நாடோறும் புகைத்தவன் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சலும் பதற்றமும் தொடங்கும், உணவு பிடியாது, உறக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனவு. முதற் கிழமையில் இவை உச்சமடைந்து இரண்டு கிழமை வரை நீடிக்கும். உறக்கமின்மை அதற்கு மேலும் தொடரலாம். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் இதனைத் தனது நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. அந்தப் பிள்ளை பத்து இரவுகள் தூங்காமல் அடிவாங்கிக் கிடந்திருக்கின்றான். அவன் பத்து நாள் தாக்குப் பிடித்ததை எவரும் பாராட்டவில்லை. பதினோராம் நாளைக் கொண்டு பொய்யனென்று பெயரிட்டனர்.

சத்தியம் தோற்றமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதே ஒழுங்கை, அதே தோழர், அதே மாலை ஆறு மணி, கையிலே அதே தொலைபேசி. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்த அமெரிக்கப் படையினரை, 1971இல் நாடு திரும்பிய பின்னர் லீ றொபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிச் சென்று விசாரித்தார். கஞ்சாவிலும் கொடிய அப்பொருளுக்கு முதலாண்டிலே மீண்டும் அடிமையானோர் மிகச் சிலரே. அவர்களெல்லாம் திடீரென முனிவராகிவிடவில்லை, இடம் மாறியது. தன்னடக்கமுள்ளவர் எனப் பெயரெடுத்தோரிற் பலர் ஆசையோடு மல்லுக்கட்டி வெல்பவரல்லர். மல்லுக்கட்டும் இடத்திற்கே போகாதவர்கள். கஞ்சா அடிமைத்தனத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்றளவும் இல்லை. பயன்படுவது பேச்சுச் சிகிச்சை. ஒவ்வொரு கிழமையும் தவறாது வந்தவனுக்குச் சிறு பரிசு கொடுத்தல். தூக்கத்தையும் வேலையையும் ஒழுங்குபடுத்தல். வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு நம்மவர் போகத் தயங்குவது அயலார் என்ன சொல்வர் என்ற அச்சத்தினாலேதான்.

சட்டமும் இவ்வச்சத்தை வளர்க்கின்றது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் நம்மை ஆள்கின்றது. படகிலே மூட்டை ஏற்றுபவனும் பையிலே பொட்டலம் வைத்திருப்பவனும் ஒரே கூண்டில் ஏறுகின்றனர். முன்னவனுக்கு எத்தண்டனையும் தகும் என்பேன். பின்னவன் பள்ளிப் பிள்ளையாயின், அவனுக்குக் குற்றவாளி என்ற பட்டம் சூட்டி நாடு என்ன ஆதாயம் கண்டது? சட்டத்தரணி நண்பர்கள் சிந்திப்பார்களாக. உடனே, ‘சட்டபூர்வமாக்கச் சொல்கின்றானோ’ என்று சிலர் சினப்பர். உருகுவே 2013இலும் கனடா 2018இலும் ஜேர்மனி 2024இலும் தளர்த்தியதை அறிவோம். அத்தளர்த்திய நாடுகளுங்கூடப் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டோர்க்குக் கதவைத் திறக்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் இருபத்தொரு வயதென்று விதித்துள்ளது. வளர்ந்தவரின் உரிமை பற்றி எத்தனை வழக்கிருப்பினும், பிள்ளையைக் காலந் தாழ்த்தச் செய்தல் வேண்டுமென்பதில் இருபுறத்தாரும் ஒருமித்தே நிற்கின்றனர்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. பல கல்வீடுகள் அப்பணத்தில் எழுந்தவை. இன்று கேரளத்தின் பெயரைத் தாங்கிய மூட்டை எதிர்த்திசையில் வருகின்றது. தவறணையிலிருந்து திரும்பும் தந்தை, வாயிற் சுருட்டுடன், ‘அடக்கம் வேண்டும்’ என்று மகனுக்கு உபதேசிக்கும் காட்சி நம் ஊர்களில் அருமையானதா? வள்ளுவர் அடக்கமுடைமையை இல்லறவியலில் வைத்தார். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். முன்னது வீட்டிலே பழகுவது, பின்னது ஊரும் அரசும் சேர்ந்து பார்க்க வேண்டியது என்றே நான் பொருள் கொள்கின்றேன். நாமோ இரண்டையும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றியிருக்கின்றோம்.

ஆசிரியப் பெருமக்கள் என்னைக் கோபித்தாலும் சரி, விடுகைப் பத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். மற்றைய பிள்ளைகளைக் காக்கவே அவ்வாறு செய்கின்றோம் என்பர். அக்கவலை எனக்கும் விளங்குகின்றது. ஆனால் காலை ஏழரைக்கு எழுந்து செல்ல ஓரிடம், கேள்வி கேட்க ஒருவர், முடிக்க ஒரு பரீட்சை என்று அப்பிள்ளைக்கு எஞ்சியிருந்த வரம்பு அதுவொன்றே. அதனையும் வெட்டிவிட்டு, அவன் நாள் முழுவதும் சந்தியில் நிற்கின்றான் என்று பின்னர் குறை கூறுகின்றோம்.

அந்தத் தோட்டக்காரரின் மகன் இப்பொழுது கிளிநொச்சியில் தாய்மாமனுடைய வயலில் இருக்கின்றான். விடியற்காலையில் தண்ணீர் மாறுகின்றான். மாதத்தில் இருமுறை மனநலப் பிரிவுக்குப் போகின்றான். இடையில் இரண்டு தடவை தவறினான். மாமன் அடிக்கவில்லை, சத்தியமும் வாங்கவில்லை, மறுநாட் காலையில் வழக்கம்போல் எழுப்பி வயலுக்குக் கூட்டிச் சென்றார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற எண்ணியுள்ள அவனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க ஒருவர் தேவை. அவ்வூர் ஆசிரியர் இருவரைக் கேட்டோம், மறுத்துவிட்டனர். மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.