மலாப்பறம்பு பள்ளி

கேரளக் கல்விச் சட்டப்படி (1958) ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தால், அரசு உதவிபெறும் பள்ளியை அதன் மேலாளர் மூடலாம். பிள்ளைகள் குறைந்து, மனை விலை ஏறிய ஊர்களில் இந்த விதி பள்ளிக்கு எமனாகிறது.

அப்படி மேலாளர் மூட முனைந்த கோழிக்கோடு மலாப்பறம்பு ஏ.யு.பி. (உதவிபெறும் நடுநிலை) பள்ளியின் கட்டடம் 2014 ஏப்ரலில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. ஊரார் கைக்காசு போட்டுத் திரும்பக் கட்டினார்கள். 2016 ஜூனில் நீதிமன்ற ஆணையால் பூட்டு விழுந்தது; பிள்ளைகள் கலெக்டர் அலுவலக வளாகத்துக் கூடம் ஒன்றில் உட்கார்ந்து படித்தார்கள். ஊர் எவ்வளவு உழைத்தாலும் நிலத்தின் உரிமை மேலாளரிடமே இருந்ததுதான் சிக்கல். கடைசியில் அதே ஆண்டு, மூடும் நிலையிலிருந்த வேறு மூன்று பள்ளிகளோடு இதையும் அரசே ஏற்க முடிவெடுத்தது.