திருவரங்குளத்து மண்குதிரைகள்

கலைத்தொழில்கள் சில இடங்களில் மட்டும் கூடித் தழைப்பதேன் என்ற கேள்வி மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. இதற்கு வித்திட்டவர் ஆங்கிலப் பொருளாதார நிபுணர் ஆல்பிரட் மார்ஷல். ஒரே தொழிலைச் செய்வோர் பலர் நெருங்கி வாழும் இடத்தில் தொழில் நுட்பம் ரகசியமாக இராமல் ஊர்க்காற்றில் கலந்துவிடுகிறது, குழந்தைகள் தம்மையறியாமலே அதைக் கற்கின்றனர் என்று அவர் 1890-இல் எழுதினார். 2002-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் பிளாரிடா, படைப்புத் திறனுள்ளோர் கூடும் நகரங்களே செழிக்குமென்று ஒரு நூல் வெளியிட்ட பின், நகரசபைகள் பலவும் அப்பெருமைக்குப் போட்டியிடலாயின. யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் படைப்பு நகரங்கள் வரிசையில் 2017-இல் சங்கீதத்தின் பொருட்டுச் சென்னையும் இடம் பெற்றது. நமக்கும் சந்தோஷமே. ஆனால் நகரம், நகரம் என்றே இவ்வாராய்ச்சி ஜபித்துக்கொண்டிருப்பதேன்?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் மார்க்கத்தில் உள்ளது திருவரங்குளம். அங்குள்ள புராதன சிவாலயத்தை அறிந்தோர் பலர். ஆனால் அவ்வூரும் அதைச் சூழ்ந்த சீமையும் அய்யனாரின் ராஜ்யம் என்பதைப் பண்டிதர் எவரும் பொருளாதார விஷயமாகக் கருதியதாகத் தெரியவில்லை. புரவியெடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். அந்தப் பிடிமண்ணே ஒப்பந்தம்; பத்திரமில்லை, முத்திரையில்லை. கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, கால்களை முதலில் குழல்களாக நிறுத்தி, உடலை உட்குழிவாக வளர்த்து, கழுத்தும் தலையும் பொருத்தி, நிழலில் ஆறவிட்டு, வைக்கோலும் விறகும் மூடிச் சுடுகிறார்கள். ஈரம் எங்கே தங்கினும் நெருப்பில் குதிரை வெடித்துப்போகும். இந்தக் கணக்கைச் சொல்லித்தரும் புஸ்தகம் ஏது? தகப்பன் கையைப் பார்த்தே மகன் கற்கிறான். ஊரார் குதிரையைத் தோளில் சுமந்து கோயிலுக்குச் செல்கிறார்கள். நமணசமுத்திரத்து அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாக நிற்கும் புரவிகளைக் கண்டவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்வோனும் வாங்குவோனும் குணங்குற்றம் சொல்வோனும் கூப்பிடு தூரத்தில் வாழ்கிறார்கள். ஹாலிவுட்டைப் பற்றி நிபுணர்கள் எழுதுவதும் இந்த விஷயந்தானே!

இத்தொழிலுக்கு வந்துள்ள ஆபத்து சிமெண்டு. மண்குதிரை சில வருஷங்களில் சிதைகிறது. ஆகவே மீண்டும் பிடிமண், மீண்டும் வேலை. சிமெண்டுக் குதிரையோ ஒருமுறை நின்றால் நின்றதுதான். அதனோடு ஒரு குடும்பத்தின் தொழில் அஸ்தமிக்கிறது. இதற்கு மாறான திருஷ்டாந்தமும் அருகிலேயே உண்டு. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் சந்நிதியில் 33 அடி உயரத்தில் ஒரு குதிரை நிற்கிறது. அது சூளையில் சுட்டதன்று, கட்டி எழுப்பியது. ஆயினும் மாசிமகந்தோறும் அதற்குக் காகிதப்பூ மாலைகள் ஏராளமாய்ச் சார்த்தப்படுவதால் மாலை கட்டுவோருக்கு வருஷந்தோறும் வேலை கிடைக்கிறது. வழக்கம் நீடிக்கும்வரை தொழிலும் நீடிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

மற்றொரு கஷ்டம் மண்ணே. கண்மாயில் களிமண் எடுக்க மனுவோடு அலைந்த காலம் நெடியது. 2024-இல் தமிழக சர்க்கார் விதிகளைத் திருத்தி, வட்டாட்சியரே அனுமதி வழங்கலாமென்றும் கட்டணமில்லையென்றும் உத்தரவிட்டது நியாயமான காரியம். உத்தரவு வேளார் வீட்டு வாசல்வரை வந்து சேர்கிறதா என்பதை ஊர்தோறும் உள்ள தேசத்தொண்டர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. சர்க்காரின் உதவித் திட்டங்கள் தொழிலாளர் திரளாயுள்ள இடங்களையே நாடுகின்றன. 2005-இல் பாரம்பரியத் தொழில்களுக்காக இந்திய சர்க்கார் தொடங்கிய 'ஸ்பூர்த்தி' திட்டமும் அவ்விதமே. மானாமதுரை மண்பாண்டம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கணக்கில் ஏறாத தொழிலுக்கு இவ்வுதவிகள் எங்ஙனம் வரும்? தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, காந்தியடிகளின் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு மாதர் தாலூகாவின் கிராமங்களை ஆராய்ந்து, 1931-இல் அறிக்கை வெளியிட்டார். அதே வேலையைப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி மாணவர்கள் திருவரங்குளம் ஒன்றியத்தில் செய்ய வேண்டுமென்பது நமது கோரிக்கை. எத்தனை சூளைகள் எரிகின்றன, மண் எந்தக் கண்மாயிலிருந்து வருகிறது, தொழில் கற்கும் சிறுவர் எத்தனை பேர், எந்தெந்த ஊர்களில் புரவியெடுப்பு நின்றுபோயிற்று என்று வீடு வீடாய்க் கேட்டு எழுதட்டும். ஒரு கோடை விடுமுறை போதும்.