குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

உங்கள் வீட்டு வாசலில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்காவது புல்தரை இருக்கிறதா, சகோதரி? இருந்தால் இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு. இல்லாதவர்கள் கொல்லைப்புறத்து வாழையை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

2019-ம் வருஷத்துக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் கிணற்றில் மட்டும் கொஞ்சம் நீர் மிச்சமிருந்தது. ஒரு நாள் காலை நான் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லை நனைத்துக் கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும் அம்மாள் வெகுநேரம் கழித்து வந்தாள்.

"லாரி இப்பத்தாம்மா வந்துச்சு. நாலு குடம் பிடிக்கறதுக்குள்ளே நேரமாயிடுச்சு" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தாள்.

குழாயை மூடிவிட்டேன். "புல் காய்ந்தால் காயட்டுமே!" என்றார் என் கணவர். ஆனால் அந்த அருகம்புல் என் மாமியார் தம் கையால் பதித்தது. எண்பது வயதில், மாலை வேளையில் அவர் வெறுங்காலுடன் நடக்க வேறு இடம் ஏது?

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் புல்தரை 400 சதுர அடி. கடுங்கோடையில் அது நாளொன்றுக்குச் சுமார் 185 லிட்டர் கேட்கும். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு வாளிக் குளியல். வாளிக்கு 18 லிட்டர் என்றால் 180 லிட்டர்! அத்தனையும் சாக்கடைக்கல்லவா போய்க்கொண்டிருந்தது?

உடனே குளியலறைத் தண்ணீரோடு துணி துவைத்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றினேன். அங்கேதான் தவறு செய்தேன். ஒரு மாதத்தில் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது. மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நின்றது. காரணம் சலவை சோடா. சோப்புத் தூளிலும் சோடாவிலும் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் கலைத்து, நீர் இறங்கும் கண்களை அடைத்துவிடுகிறது. அந்த மூலையைக் கிளறி ஜிப்ஸம் தூவினேன். பிறகு பெய்த மழைதான் உப்பைக் கழுவி அதைப் பிழைக்க வைத்தது.

நான் பட்டதை நீங்கள் படவேண்டாம். சில விஷயங்களைக் கவனித்துக்கொண்டால் போதும்.

குளித்த நீரும், துணியை இரண்டாம் மூன்றாம் தரம் அலசிய நீரும் நல்லவை. முதல் நுரைத் தண்ணீரும், ப்ளீச்சிங் பவுடர் கலந்ததும் வேண்டாம். கக்கூஸ் நீரும், குழந்தையின் அழுக்குத் துணி அலசிய நீரும் கூடவே கூடாது. பாத்திரம் கழுவிய எண்ணெய்ப் பிசுக்கு மண்ணை அடைக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரம் கழிக்கும் நீரில் உப்பு அதிகம். அது தரை துடைக்கத்தான் லாயக்கு.

பிடித்த நீரைத் துணியில் வடிகட்டி அன்றே ஊற்றிவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாற்றம் எடுக்கும், கொசுவும் குடியேறும். மேலே தெளிக்காமல் வேரடியில் பாயவிடுங்கள். தரை காய்ந்த பிறகே குழந்தைகளும் பெரியவர்களும் அதில் கால் வைக்கட்டும். பச்சையாகத் தின்னும் கொத்துமல்லி, வெள்ளரிக்கு இந்த நீர் ஆகாது. வாழைக்கும் கல்வாழைக்கும் தாராளமாக விடலாம். அவ்வப்போது ஒரு தரம் நல்ல நீர் பாய்ச்சினால் உப்பு சேராது.

பிளம்பரைக் கூப்பிட்டுக் குளியலறைக் குழாயைத் தனியே பிரித்து ஒரு பீப்பாயில் விழச் செய்தோம். கக்கூஸும் குளியலறையும் ஒரே குழாயில் சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும்.

புல்லுக்குப் போய்க்கொண்டிருந்த கிணற்று நீர் மிச்சமாயிற்று. அந்தக் கோடை முழுவதும் அதில் தினம் நாலு குடம் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போயிற்று. மாமியார் இன்றும் அந்தப் புல்லில்தான் மாலையில் நடக்கிறார்.

நாளைக் காலை குளிக்கும்போது, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்களும் ஒரு தரம் பாருங்களேன்!