கப்பல் வரியும் கம்பி மத்தாப்பும்

அன்பியக் கூட்டம் முடிந்து எழுந்தபோது, சிவகாசி அச்சகமொன்றில் பணிபுரியும் அன்பர் நம்மை நிறுத்தினார். "கப்பல் புகைக்கு வரி போடப்போகிறார்களாமே, சாமி! கடலே இல்லாத நமக்கு அதனால் என்ன வந்தது?" என்றார்.

வந்தது உண்டு. காகிதத்திற்கான மரக்கூழும் பழந்தாளும் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்குகின்றன. கப்பற்கூலி ஏறினால் காலண்டரின் விலையும் ஏறும்.

லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2025 ஏப்ரலில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஐயாயிரம் டன் கொள்ளளவிற்கு மேற்பட்ட கப்பல்கள், குறித்த வரம்பை மீறி வெளியிடும் ஒவ்வொரு டன் கரிவளிக்கும் 100 டாலரோ 380 டாலரோ, மீறலின் அளவிற்கேற்பச் செலுத்தவேண்டும். 63 நாடுகள் ஆதரித்தன, 16 எதிர்த்தன. இந்தியா ஆதரித்தது. கடல் பொங்கினால் முதலில் மூழ்கப்போகும் பசிபிக் தீவு நாடுகளோ, இது போதாதென்று வாக்களியாது ஒதுங்கின. அக்டோபரில் இறுதி முடிவு எடுத்திருக்கவேண்டும். அமெரிக்கா மிரட்டியது; சவூதி அரேபியா தள்ளிவைக்கக் கோரியது; 57க்கு 49 என்ற வாக்கில் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

ஐரோப்பியர் காத்திருக்கவில்லை. 2024 ஜனவரி முதல், வெளிநாட்டுத் துறைமுகங்களிலிருந்து தங்கள் துறைமுகங்களுக்கு வரும் பெருங்கப்பல்களின் புகையில் பாதியைத் தங்கள் கட்டணத்திற்குள் கொண்டுவந்துவிட்டனர். அந்தச் சட்டத்தை இயற்றிய பாராளுமன்றத்திற்கு நம்மில் எவரும் வாக்களித்ததில்லை. வசூலாகும் பணத்திற்கு நம்மிடம் கணக்குக் காட்டுவாரும் இல்லை.

புகைவிடுவோர் விலை கொடுக்கவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், வலுவான உலக அமைப்புகள் தேவையென்றே எழுதினார். ஆயினும் 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அதிகாரம் பறித்துக்கொள்வது அநீதி எனக் கற்பித்ததையும் மறத்தலாகாது. இவ்விரண்டையும் சேர்த்தே பிடிக்கவேண்டும், கடினந்தான்.

சிவகாசிக்கு இது புரியாத கதையன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தது. டில்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக எழுந்த வழக்கு அது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. உற்பத்தியாளர்க்கு வழக்குரைஞர் இருந்தனர். அதன்பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, மருந்தடைத்துக் கூலி பெற்ற தாய்மார் தம் வழக்கை எங்கே சென்று உரைத்தனர்? அவர்தம் வீட்டு அடுப்பை நாம் கண்டோம்.

ஆகவே லண்டனில் இந்தியாவின் கை உயர்ந்தபோது யாரைக் கேட்டு உயர்ந்தது என்பதே நம் வினா. திட்டத்தின் நிதியிலிருந்து வளரும் நாடுகளுக்கும் உதவி உண்டு என்கின்றனர். அதில் தூத்துக்குடிச் சுமைதூக்குவோர்க்கு எவ்வளவு, விருதுநகர்ச் சிறு வியாபாரிக்கு எவ்வளவு? நம் பாராளுமன்றத்தில் உரக்கக் கேட்கப்படவேண்டிய கேள்வி இது.

"அப்படியானால் நம் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடட்டுமா, சாமி?" என்றார் அன்பர். போடும் என்றோம். அஞ்சலட்டை போதாதே என்று கவலைப்பட்டார்.